“எந்த வட ஆர்க்காடு?” – ஆன்லைனில் ஆராய்ச்சி முறையியல் படித்த என்னிடம் ஜூனியர்கள் கேட்ட கேள்விகள்

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. வரலாறு முடித்தவள். இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுதியாக வேண்டும், எனக்கோ ஆராய்ச்சி என்றால் கூகுளில் தேடிக் கிடைத்ததைக் கோத்து ஸ்பைரல் பைண்டிங் போடுவது என்றுதான் தெரியும். அதனால் ஆராய்ச்சி முறையியலில் 8 வார ஆன்லைன் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆய்வுக்கு எடுத்தது எங்கள் பக்கத்து ஏரிகள். அது முடிந்ததிலிருந்து ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதையே கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆகவே இது.

அக்கா, இந்தப் படிப்பில் சேர்ந்தால் ஆராய்ச்சி செய்ய வந்துவிடுமா?

வராது. ஆனால் நாம் செய்கிற தப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, இதே தப்பை நமக்கு முன்னால் ஆயிரம் பேர் செய்திருக்கிறார்கள் என்று தெரியவரும். அது சின்ன விஷயமில்லை. எனக்குப் படிப்பு நடந்த 8 வாரத்தில் புரிந்ததைவிட, முடிந்த பிறகு ஆய்வேட்டில் அடிவாங்கும்போது “ஓ, நான்காவது வாரம் சொன்னது இதைத்தானா” என்று புரிந்ததுதான் அதிகம்.

பணம் எவ்வளவு ஆகும்? தேர்வு உண்டா?

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் என்பிடெல் (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் கல்வித் திட்டம்) நடத்துகிற படிப்புகளில் சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக்கட்டணம், நான் எழுதியபோது 1000 ரூபாய். தேர்வை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது, மையத்துக்கு நேரில் போக வேண்டும். மதிப்பெண்ணில் வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. 8 வாரப் படிப்பில் நன்றாகச் செய்த 6 பயிற்சிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதனால் ஒரு வாரம் தவறினால் அழ வேண்டாம். தேறுவதற்குப் பயிற்சியில் 10-ம் தேர்வில் 30-ம் தனித்தனியாக வேண்டும். ஒன்றில் நிறைய வாங்கி மற்றதைச் சரிக்கட்ட முடியாது.

பாடம் முழுக்க ஆங்கிலமாமே? நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்.

நானும்தான். முதல் வாரம் வீடியோவை முக்கால் வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன், அப்போதும் பாதிதான் ஏறியது. பிறகு ஒரு வழி செய்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ச் சொல், அதற்குக் கீழே எங்கள் ஊர் ஏரியை வைத்து ஓர் உதாரணம். ஹைப்பாதிசிஸ் என்றால் கருதுகோள்: “கால்வாய் தூர்ந்ததால்தான் ஏரி நிரம்பவில்லை.” வேரியபிள் என்றால் மாறி: மழை அளவு, கரை உயரம், போர்வெல் எண்ணிக்கை. சாம்பிள் என்றால் மாதிரி: 40 ஏரியையும் பார்க்க முடியாது, எந்த 4 ஏரி, ஏன் அந்த 4? இப்படி எழுதத் தொடங்கியதும் ஆங்கிலம் பயமாக இல்லை. உண்மையில் எனக்கு மொழி பிரச்சினையே இல்லை, உதாரணம்தான் பிரச்சினை. பாடத்தில் வருகிற உதாரணங்கள் பெரும்பாலும் நிறுவனமும் நுகர்வோரும். ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்கு அது எப்படி ஒட்டும்?

தலைப்பை எப்படிப் பிடித்தீர்கள்?

நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு, “வட ஆர்க்காடு மாவட்ட நீர்ப்பாசன வரலாறு” (எங்கள் வேலூர் மாவட்டம் அந்தப் பழைய மாவட்டத்திலிருந்து வந்ததுதான்). மேடம் (என் வழிகாட்டி) படித்துவிட்டு, “இதை எழுத உனக்கு எத்தனை ஜென்மம் வேணும்?” என்றார். படிப்பில் சொன்னபடி இடம், காலம், பொருள் மூன்றையும் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே வந்தேன். மாவட்டம் போய் தாலுகா ஆனது, தாலுகா போய் 4 ஏரி ஆனது. நீர்ப்பாசனம் என்பதும் போய், மதகைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் இருப்பாரே (நீர்க்கட்டி என்பார்கள், ஊருக்கு ஊர் பெயர் மாறும்), அந்த வேலை எங்கள் பக்கம் எப்போது, எப்படி நின்றுபோனது என்ற ஒரே கேள்வியாக ஆனது. சின்னதாகிவிட்டதே என்று முதலில் வருத்தமாக இருந்தது. ஆனால் பெரிய தலைப்புக்கு என்னிடம் ஒரு பக்கம்கூட சொந்தமாக எழுத இல்லை, சின்னக் கேள்விக்கு நோட்டு நிரம்பிவிட்டது.

கூகுளில் தேடினால் ஒன்றுமே வருவதில்லையே?

நீங்கள் தேடுகிற எழுத்தில் வராது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். தமிழில் ‘ஆர்க்காடு’ என்று ஒருவர் எழுதுவார், ‘ஆற்காடு’ என்று இன்னொருவர் எழுதுவார், இரண்டையும் தேட வேண்டும். ஆங்கிலத்தில் இன்னும் மோசம். வந்தவாசி பழைய ஆவணங்களில் ‘வாண்டிவாஷ்’, காவேரிப்பாக்கம் ‘காவேரிபாக்’, ஆரணி ஓரிடத்தில் ‘ஆர்னி’. குடியாத்தத்தை ‘ஜி’ எழுத்தில் தொடங்காமல் ‘கே’யில் தொடங்கிப் பாருங்கள், கேரளத்தின் கூடியாட்டம் வந்து நிற்கும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க ஏரியைத் தேடிப் போய் சமஸ்கிருத நாடகக் கலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் (நன்றாகத்தான் இருந்தது).

ஊர்ப் பெயர் மட்டுமில்லை, பொருளின் பெயரும் மாறும். 1806 வேலூர் சம்பவத்தை ‘கலகம்’ என்று தேடினால் ஒரு கூட்டம் எழுத்து வரும், ‘புரட்சி’ என்று தேடினால் வேறு கூட்டம். எந்தச் சொல்லைப் போடுகிறோமோ அந்தப் பக்கத்து ஆட்கள்தான் வந்து பேசுவார்கள்.

அப்புறம், கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரை கிடைத்ததும் மூடிவிடாதீர்கள். அதற்குக் கீழே, அந்தக் கட்டுரையைப் பிறகு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் 1990-இல் எழுதியவரிடமிருந்து போன வருடம் எழுதியவர் வரை வந்துவிடலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது, இலவசம். அதில் ஆய்வேட்டைவிட அதன் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை முதலில் படியுங்கள்.

“எந்த வட ஆர்க்காடு?” என்று ஏதோ கதை சொன்னீர்களே, அது என்ன?

இதற்காகத்தான் இந்த முழுப் பக்கத்தையும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்ட மேனுவல் (மாவட்டத்தைப் பற்றிய விவரங்களைத் தொகுத்த ஆங்கிலேயர் காலத்து நூல்) 1881-இல் வந்தது, பிறகு ஹெரால்டு ஸ்டூவர்ட் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். அது கையில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காலத்து ஏரிக் கணக்கு ஒரு பக்கம், இன்றைய வேலூர் மாவட்ட ஏரிக் கணக்கு இன்னொரு பக்கம், நடுவில் ஒரு கழித்தல். பாதிக்கு மேல் ஏரிகள் காணோம்! ஒரு முழு அத்தியாயம் எழுதினேன், ஆக்கிரமிப்பு, அலட்சியம் என்று கோபமாக. கடைசிப் பத்தியை எழுதும்போது கண் கலங்கியது, உண்மையாகவே.

மேடம் அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் மூன்றே சொல் எழுதித் திருப்பிக் கொடுத்தார்: “எந்த வட ஆர்க்காடு?”

1881-இன் வட ஆர்க்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். சந்திரகிரி, பலமனேர், காளஹஸ்தி ஜமீன், புங்கனூர் ஜமீன் எல்லாம் அதற்குள். திருப்பதியே அதற்குள்தான். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கமெல்லாம் போய்விட்டது. அதே சமயத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் தாலுகா இங்கே வந்து சேர்ந்தது, அதாவது வாணியம்பாடிப் பக்கத்து ஏரியின் பழைய கதை வேண்டுமென்றால் நீங்கள் திறக்க வேண்டியது வட ஆர்க்காடு மேனுவலை இல்லை, சேலம் மேனுவலை. பிறகு 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் போனது, ஆரணி, போளூர், வந்தவாசி எல்லாம் அதோடு. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின, காவேரிப்பாக்கம் ஏரியும் ராணிப்பேட்டைக் கணக்கில் போய்விட்டது. காணாமல் போன ஏரிகளில் பெரும் பகுதி எங்கும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாவட்டம்தான் நகர்ந்து போயிருக்கிறது.

அது மட்டுமா, எண்ணுகிற விதமும் ஒன்றில்லை. இப்போது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரு துறையின் பட்டியலை மட்டும் எடுத்தால் எங்கள் ஊர் ஏரியே கிடையாது. நான் தினம் பார்க்கிற ஏரி என் அட்டவணையில் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை, பாருங்கள்.

அலகு ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிடலாம் என்பது படிப்பின் மூன்றாவது வாரத்தில் வந்தது. அந்த வாரப் பயிற்சியில் நான் முழு மதிப்பெண். அப்படியிருந்தும் இந்தத் தப்பு. நான்கு விடையில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது வேறு, என் கையால் எழுதிய, எனக்குப் பிடித்துப்போன அத்தியாயத்தைச் சந்தேகப்படுவது வேறு. அத்தியாயம் முழுக்க நீக்கினேன். ஏரிகள் அழியவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, நிறைய அழிந்திருக்கின்றன, பேருந்து நிலையமாகவும் மனைகளாகவும் ஆன ஏரிகளை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் என் கணக்கு அதை நிரூபிக்கவில்லை.

அச்சில் வந்த புத்தகத்தையே நம்பக்கூடாதா?

நம்புங்கள், ஆனால் அதில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நம்புங்கள். வேலூர்க்காரர்களுக்கு 1806 ஜூலை 10 தெரியும். கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள், ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். சரி, எத்தனை சிப்பாய்கள் செத்தார்கள்? ஒரு புத்தகம் சுமார் 350 என்கிறது, இன்னொன்று 800-ஐத் தாண்டுகிறது. முதலில் நான் நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன் (சிரிக்காதீர்கள்). செய்ய வேண்டியது என்னவென்றால் யார் எண்ணினார்கள், எப்போது, சண்டையில் செத்தவர்கள் மட்டுமா, பிறகு சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டவர்களும் சேர்த்தா என்று பார்த்து, இரண்டு எண்ணையும் எழுதி, எதை ஏன் ஏற்கிறேன் என்று சொல்வது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதலாம், அதற்கு மதிப்பெண் குறையாது. எனக்குக் குறையவில்லை.

ஆட்களிடம் பேசித் தகவல் எடுப்பது எப்படி? கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் இரண்டு பேருக்குப் பிறகு போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, நாம் அதிகம் பேசுவது.

நான் முதலில் போனது எங்கள் ஊரில் நீர்க்கட்டியாக இருந்த ஒரு தாத்தாவிடம். திண்ணையில் உட்கார்ந்து போனில் ரெக்கார்டிங் போட்டு (கேட்டுவிட்டுத்தான்), “தாத்தா, கால்வாயை ஆக்கிரமிச்சதாலதானே ஏரிக்குத் தண்ணி வரல?” என்றேன். “ஆமா பாப்பா.” “போர்வெல் வந்தப்புறம் மதகுப் பக்கம் யாரும் வரலதானே?” “ஆமா.” இப்படியே பதினொரு கேள்வி, பதினொரு ஆமா, ஏழு நிமிடம். எழுந்திருக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இன்னா பாப்பா, கேள்வியும் நீயே கேக்குற, பதிலும் நீயே சொல்ற, நான் எதுக்கு?”

வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங்கைக் கேட்டபோது காது சூடானது. விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வி என்று ஐந்தாவது வாரத்தில் ஒரு முழு வீடியோவே இருந்தது.

அடுத்த வாரம் ஒரே கேள்வியோடு போனேன். “ஏரி கடைசியா எப்போ கோடி போச்சு தாத்தா?” அவ்வளவுதான் (கோடி போவது என்றால் ஏரி நிரம்பி வழிவது). முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். வருடம் சொல்லவில்லை, பெரிய பேத்திக்குக் காது குத்திய வருடம் என்றார், அந்த வருடம் கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) மேல் முழங்கால் அளவு போனதென்றும், ராத்திரி லாந்தர் பிடித்துக்கொண்டு மதகில் இறங்கியதையும், கதிர் அறுத்ததும் களத்தில் தனக்கு அளந்த நெல்லையும், எந்த வீட்டில் அளக்காமல் இழுத்தடித்தார்கள் என்பதையும் சொன்னார். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது ஏரி மறுபடி கோடி போனதாம், “ஆனா அப்போ மதகு சாவி யார்கிட்ட இருக்குன்னே யாருக்கும் தெரியல” என்றார். என் ஆய்வேட்டின் மொத்தக் கேள்விக்கும் விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. நான் கேட்டு வாங்கவில்லை, அதுவாக வந்தது.

பேத்தி காது குத்தை ஆண்டாக மாற்ற அந்த விழாவின் அழைப்புப் பத்திரிகையைத் தேடி எடுத்தோம். அவர் மகள் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அதுவும் ஆவணம்தான்.

காப்பி அடித்தால் கண்டுபிடிப்பார்களா?

கண்டுபிடிப்பார்கள். நான் அடிக்கவில்லை என்று நினைத்தும் என் முதல் வரைவில் 34 சதவீதம் ஒத்துப்போவதாக மென்பொருள் காட்டியது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி எழுதி மறுபடி கொடுக்க வேண்டும், 40-ஐத் தாண்டினால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது, 60-க்கு மேல் பதிவே ரத்து. என் 34 எப்படி வந்தது? படிக்கும்போது வாக்கியங்களை அப்படியே நோட்டில் எடுத்து, யாருடையது என்று குறிக்காமல் விட்டு, இரண்டு மாதம் கழித்து என்னுடையது என்று நினைத்து எழுதிவிட்டேன். இப்போது பிறருடைய வாக்கியம் பச்சை மையில், என் யோசனை நீலத்தில். ஆகச் சாதாரணமான விஷயம், இதைச் செய்யாததால் மூன்று வாரம் போனது.

ஏஐ-யிடம் கேட்டால் போதாதா?

ஒரு செயலியிடம் வட ஆர்க்காடு ஏரிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் கேட்டேன். ஐந்து கொடுத்தது, ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு. அதில் இரண்டு இருந்தன. மூன்று எங்கேயும் இல்லை, தலைப்பு மட்டும் ஆசையாக இருந்தது. கடினமான ஆங்கிலப் பத்தியைப் புரிந்துகொள்ளவும், தேட வேறு சொற்கள் யோசிக்கவும் பயன்படுத்துகிறேன். மேற்கோளை மட்டும் கேட்பதில்லை.

அடிக்குறிப்புகளை எப்படி ஒழுங்காக வைப்பது?

ஸோட்டீரோ, மேற்கோள்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் மென்பொருள். இலவசம், தமிழ் எழுத்தும் ஏற்கும். முதல் நாளே போடுங்கள், கடைசி வாரம் போட்டால் பயனில்லை.

வீட்டில் உட்கார்ந்து தொடர்ந்து படிக்க முடிகிறதா?

முடியவில்லை. ஆன்லைன் படிப்பு என்றால் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றுதான் அர்த்தம். வீடியோ ஓடும்போதுதான் காஸ் வரும், பக்கத்து வீட்டுக் குழந்தை வரும். நெட்வொர்க் மொட்டைமாடியில்தான் கிடைக்கும், வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் மாடியில் நிற்க முடியுமா? காலை ஐந்தரைக்கு எழுந்து மாடியில் டவுன்லோடு செய்து, கல்லூரிப் பேருந்தில் இயர்போனில் கேட்டேன். நான்கு பேர் சேர்ந்து குழு வைத்து ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பயிற்சியை முடிக்காதவர் மறுநாள் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும் என்று வைத்தோம். நான் மூன்று முறை வாங்கினேன்.

நூலகத்துக்கு நேரில் போக வேண்டுமா, எல்லாம் ஆன்லைனில் இல்லையா?

மேனுவல்கள் கிடைக்கும், ஆய்வேடுகள் கிடைக்கும், தமிழ் இணைய நூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் ஏராளம். ஆனால் அரசாணை, கடிதப் போக்குவரத்து என்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பழைய இதழ்கள் என்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். காலையில் காட்பாடியில் ரயில் ஏறினால் ராத்திரி திரும்பிவிடலாம். என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். நான் முதல் முறை வெறுங்கையோடு போய், பட்டியலைப் புரட்டியே பொழுது போய்விட்டது.

சான்றிதழால் வேலை கிடைக்குமா?

எனக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி ஒப்புக்கொண்டால் கிரெடிட்டாகச் சேர்க்கலாம், அதை முன்பே துறைத் தலைவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆய்வேட்டைப் படிக்கக் கிடைக்குமா?

துறை அலமாரியில் ஒன்று இருக்கிறது. இன்னொன்றைத் தாத்தாவிடம் காட்டக் கொண்டுபோனேன். ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் சொன்னதை வாசித்துத் தமிழில் சொன்னேன், தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு நான் வரைந்திருந்த ஏரிப் படத்தைக் கையில் வாங்கி, ஒருமுறை நேராகப் பார்த்து, பக்கத்தைத் திருப்பிப் பிடித்து மறுபடி பார்த்து, விரலை வைத்தார். “கலங்கல் இங்க இல்ல பாப்பா. அந்தப் பக்கம்.” அலமாரியில் இருக்கும் பிரதியில் 41-ஆம் பக்கம் அதைப் பேனாவால் திருத்தியிருக்கிறேன், படம் பார்த்துக் குழம்ப வேண்டாம்.